தனித்தாளில் எழுதிய பெயர்
அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014: ஒரு விளக்கவுரை

2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணம் எங்கே ஒழுகுகிறது, வேலையின் தரம் எப்படிக் கெடுகிறது என்று உள்ளேயிருந்து பார்த்த ஒருவர் எழுதியது. கடிதத்தில் கையெழுத்து இல்லை. ஆனால் மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்பதற்காக, தான் யார் என்பதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருந்தார். அந்தத் தாளை ரகசியமாக வைத்துக்கொள்ளுமாறும் கேட்டிருந்தார். கடிதமும் தாளும் சேர்ந்தே மேசை மேசையாக நகர்ந்தன. எழுதியவர் சத்யேந்திர துபே, தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தில் பணியாற்றிய பொறியாளர். 2003 நவம்பர் 27 அன்று பிகாரின் கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளை முயற்சியில் நடந்த கொலை என்பது சிபிஐயின் முடிவு. 2010இல் பாட்னா நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை அளித்தது. கொலைக்கான காரணம் எதுவாயினும், ரகசியம் கேட்ட ஒருவரின் பெயர் ரகசியமாக இருக்கவில்லை என்பதில் ஐயம் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 179ஆம் அறிக்கையில் 2001இலேயே சொல்லி, மசோதாவின் வரைவையும் கொடுத்திருந்தது. துபேயின் சாவுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றத்தின் நெருக்குதலில், 2004 ஏப்ரல் 21 அன்று மத்திய அரசு ஒரு தீர்மானத்தை மட்டும் வெளியிட்டது. மசோதா 2010இல் மக்களவைக்கு வந்தது. 2011 டிசம்பரில் அங்கும், 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அந்த ஆண்டின் 17ஆம் சட்டம் இது.

முப்பது சொச்சம் பிரிவுகளில் அரசு ஊழியருக்கு உயிரான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் பொருள், பிறகு உரை. முதல் பிரிவை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம் அங்கே போகும்போது தெரியும்.

பெயர்

தலைப்பில் 'விசில் ஊதுவோர்' என்று இருக்கிறதே தவிர, அவர் யார் என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. உள்ளே வருகிறவர் வெறும் 'புகார்தாரர்'. நம் செய்தித்தாள்கள் 'அம்பலப்படுத்துவோர்' என்கின்றன. 'இடித்துரைப்பாளர்' என்று அழகாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் இடித்துரைப்பது முகத்துக்கு நேரே செய்வது. இச்சட்டம் சொல்வதோ உறையில் போட்டு ஒட்டி அனுப்பும் வேலை. அலுவலகத்தில் அவருக்கு இருக்கும் பெயர் வேறு: 'போட்டுக் கொடுத்தவன்'. பெரும்பாலானோர் வாயை மூடிக்கொள்வது சட்டத்துக்குப் பயந்து அல்ல, இந்தப் பெயருக்குப் பயந்து.

பிரிவு 3: எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம்

பொருள்: மூன்று வகைச் செயல்களைப் பற்றிச் சொல்லலாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் அல்லது அதற்கான முயற்சி. அதிகாரத்தையோ விருப்புரிமையையோ வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தி, அதனால் அரசுக்கு இழப்போ பிறருக்கு முறையற்ற ஆதாயமோ ஏற்பட்டது கண்கூடாகத் தெரிவது. பொது ஊழியர் செய்த குற்றச் செயல் அல்லது அதற்கான முயற்சி. மத்திய அரசு ஊழியர் மீதான புகார் மத்தியக் கண்காணிப்பு ஆணையத்துக்கும், மாநில ஊழியர் மீதானது மாநிலக் கண்காணிப்பு ஆணையத்துக்கோ மாநில அரசு குறிப்பிடும் அதிகாரிக்கோ போகும். மத்திய அமைச்சர் மீதானது பிரதமருக்கு, மாநில அமைச்சர் மீதானது முதல்வருக்கு.

உரை: 'வேண்டுமென்றே', 'கண்கூடான இழப்பு' என்ற இரு நிபந்தனைகளையும் கவனியுங்கள். தடுப்பூசிப் பெட்டி மூன்று நாள் குளிர்சாதனம் இல்லாமல் கிடந்தது. எடுத்துச் சொன்ன செவிலியரை மேலதிகாரி வாயை மூடச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். இதில் லஞ்சம் இல்லை. யாருக்கும் ஆதாயமும் இல்லை. அலட்சியம் மட்டுமே. இந்தச் சல்லடையில் அது தங்குமா என்பது சந்தேகம். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியருக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தனி இடம் தருகிறது: மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கணிசமான ஆபத்து, படுமோசமான நிர்வாகம், பெரும் விரயம் ஆகியவற்றைச் சொன்னவருக்கும் அங்கே காப்பு உண்டு. நம் சட்டத்தின் கண் பணத்தின் மேலேயே இருக்கிறது.

அமைச்சரைப் பற்றிய புகார் அவரை அமைச்சராக்கியவரிடமே போகிறது. இதற்கு நீண்ட உரை தேவையில்லை.

பிரிவு 4: மொட்டைக் கடிதம் செல்லாது

பொருள்: 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும், எந்தப் பொது ஊழியரும், தொண்டு நிறுவனம் உள்ளிட்ட வேறு எவரும், உரிய அதிகாரியிடம் பொதுநலன் கருதி வெளிப்படுத்தலாம். நல்லெண்ணத்தோடு செய்ய வேண்டும். சொல்வது பெரும்பாலும் உண்மை என்று நியாயமாக நம்புவதாக உறுதிமொழி தர வேண்டும். பெயர் இல்லாத புகார், பொய்ப் பெயரில் வந்த புகார் ஆகியவற்றின் மீது நடவடிக்கை கிடையாது.

உரை: 'பெரும்பாலும் உண்மை என்று நியாயமாக நம்புகிறேன்' என்பது பெரிய சலுகை. முழு உண்மையையும் நிரூபித்துக் கொடு என்று சட்டம் கேட்கவில்லை. நிரூபிப்பது விசாரிப்பவர் வேலை. கீழ்நிலை ஊழியர் பார்ப்பது கோப்பின் இரண்டு பக்கங்களை மட்டுமே. மீதிப் பக்கங்கள் மேலே இருக்கும். அந்த இரண்டு பக்கங்களை வைத்து நேர்மையாகச் சந்தேகப்பட்டால் போதும்.

ஆனால் பெயர் கட்டாயம். மொட்டைக் கடிதத்தால் ஒரு பாவமும் அறியாத எத்தனையோ பேர் பதவி உயர்வை இழந்திருக்கிறார்கள், வீட்டில் நிம்மதி இழந்திருக்கிறார்கள். எனவே பெயர் கேட்பதில் நியாயம் உண்டு. கேட்டு வாங்கிக்கொண்டால் அதைக் காப்பது கேட்டவர் பொறுப்பு என்பதும் அதே அளவுக்கு நியாயம். துபேயின் தனித்தாளை இந்த உட்பிரிவு சட்டமாக்கி இருக்கிறது: நம்ப வேண்டுமென்றால் பெயரைச் சொல். சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதே மீதிச் சட்டம்.

பிரிவுகள் 5, 13, 16: பெயரை மறைத்தல்

பொருள்: புகாரைப் பெற்றதும், அதை எழுதியவர் அவர்தானா என்று அதிகாரி உறுதிசெய்ய வேண்டும், பெயரை மறைக்க வேண்டும். துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்கும்போதும் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்வது அவசியமானால் புகார்தாரர் முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அவர் எல்லா ஆவண ஆதாரங்களையும் தானே கொடுக்க வேண்டும். கவனக்குறைவாலோ கெட்ட எண்ணத்தாலோ பெயரை வெளியிட்டவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும்.

உரை: இச்சட்டத்தில் இருக்கும் மிகக் கடுமையான தண்டனைகளில் ஒன்றை இங்கே காண்கிறோம். பெயரை ஒளித்தால் ஆள் பிழைத்தான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த நம்பிக்கை சிரிப்பை வரவழைக்கும். டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியலின் நகல் புகாரோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் மூன்று மேசைகளை மட்டுமே தாண்டியது. ஒரு மேசைக்காரர் ஒப்பந்தக்காரரின் மைத்துனர், இன்னொருவர் அந்த மாதம் மருத்துவ விடுப்பு. மிஞ்சியது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையா? துறைத் தலைவரின் மேசைக்கு 'இது பற்றி உங்கள் கருத்து என்ன' என்ற கடிதம் பெயரில்லாமல் வந்து இறங்கிய அன்று மாலையே தேநீர்க் கடையில் பெயர் தயாராக இருக்கும். சில சமயம் தவறான பெயர். அப்போது எழுதாத ஒருவர் அடி வாங்குவார். அவரை இந்தச் சட்டம் நினைத்தே பார்க்கவில்லை.

சம்மதம் தராதவருக்கு வைத்த நிபந்தனை இன்னும் விசித்திரம். பெயர் மறைய வேண்டும் என்றால் எல்லா ஆதாரத்தையும் நீயே கொண்டு வா. ஆதாரம் கூடக்கூட அது எந்த மேசையிலிருந்து வந்தது என்பதும் தெளிவாகும். ஒளிவதற்குக் கேட்கும் விலையே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

பிரிவுகள் 6, 8: கதவுகள்

பொருள்: செயல் நடந்து 7 ஆண்டு கடந்த புகாரை விசாரிப்பதில்லை. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ முடிவு செய்த விஷயத்தை மறுபடி திறப்பதில்லை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயலுறவு போன்றவற்றைப் பாதிக்கக்கூடிய தகவலும், அமைச்சரவை நடவடிக்கைகளும் விலக்கு.

உரை: பல ஊழியர்கள் ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகே வாய் திறக்கத் துணிகிறார்கள். 7 ஆண்டுக் கெடு அவர்களில் பலரை வெளியே நிறுத்திவிடும். விலக்குகளைப் பொறுத்தவரை, இருப்பதே போதும் என்று நினைப்போம். 2015 மே மாதம் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா அவற்றைப் பத்து வகைகளாகப் பெருக்கியது. அலுவல் ரகசியச் சட்டத்திலிருந்து 4ஆம் பிரிவு கொடுத்த காப்பையும் எடுக்கப் பார்த்தது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை. 2019இல் மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியானது.

பிரிவு 11: நாற்காலியைக் காத்தல்

பொருள்: (1) வெளிப்படுத்தினார் என்ற காரணத்துக்காக மட்டுமே எவரும் நடவடிக்கை மூலமோ வேறு விதமாகவோ பழிவாங்கப்படாமல் மத்திய அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். (2) பழிவாங்கப்படுபவரோ, பழிவாங்கப்படலாம் என்ற நிலையில் இருப்பவரோ உரிய அதிகாரியிடம் முறையிடலாம். அந்த விசாரணையில், எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் சுமை நிர்வாகத்தின் மேல். (3), (4) அதிகாரியின் உத்தரவு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். ஊழியரை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவரச் சொல்லலாம். (5) உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 30,000 ரூபாய் வரை அபராதம்.

உரை: சட்டத்தின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு சொல்லாக நின்று படிக்க வேண்டும்.

'பழிவாங்கல்' என்றால் என்ன? சட்டம் சொல்லவில்லை. மற்ற எத்தனையோ சொற்களை வரையறுத்த 3ஆம் பிரிவு இதைத் தொடவே இல்லை. அரசு அலுவலகத்தில் பழிவாங்குகிறவர் யாரும் அடிப்பதில்லை. விதிப் புத்தகத்தைத்தான் திறக்கிறார். பழைய பயணப்படிப் பட்டியல் ஒன்றில் 212 ரூபாய்க்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் 'மிக நன்று' என்று இருந்தது 'நன்று' ஆகும். அந்த ஒரு சொல்லில் பதவி உயர்வு போய்விடும். மேசையில் கோப்பே இல்லாத 'டம்மி போஸ்ட்' கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு ஊழியர் பேச்சில் '17 பி' என்றால் போதும், வீட்டில் சோறு இறங்காது. மத்திய அரசு ஊழியருக்கு அது '14ஆம் விதி'. பெருந்தண்டனைக்கு வழி திறக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, இழுத்தடிப்பதே தண்டனை.

இவற்றுள் தலையாயது இடமாற்றம். மத்திய அரசு ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், 1965ஆம் ஆண்டு விதித் தொகுப்பின் தண்டனைப் பட்டியலில், இடமாற்றம் இல்லை. அது பணியின் இயல்பான அங்கம் என்பதே சட்டத்தின் பார்வை. தண்டனையாகவே இல்லாத ஒன்றைத் தண்டனை என்று எப்படி நிரூபிப்பது? தண்டனைக்குப் பதிலாகச் செய்யப்படும் இடமாற்றம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் சொன்னது. ஆனாலும் உத்தரவில் எப்போதும் இருப்பது 'நிர்வாக நலன்' என்ற இரண்டே சொற்கள். ஹரியானாவின் ஐஏஎஸ் அதிகாரி அசோக் கெம்கா 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணியில் 50க்கும் அதிகமான முறை மாற்றப்பட்டார். எய்ம்ஸ் மருத்துவமனையின் முறைகேடுகளைத் தோண்டிய தலைமைக் கண்காணிப்பு அதிகாரி சஞ்சீவ் சதுர்வேதி 2014 ஆகஸ்டில் அந்தப் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மகசேசே விருது பெற்றார். விருதை வெளியே தந்தார்கள், நாற்காலியை உள்ளே பறித்தார்கள்.

அடுத்து 'மட்டுமே'. முதல் உட்பிரிவில் இந்தச் சிறு சொல் உட்கார்ந்திருக்கிறது. வெளிப்படுத்தினார் என்பதோடு 'தாமதமாக வருகிறார்' என்பதையும் நிர்வாகம் சேர்த்துக்கொண்டால், காரணம் 'மட்டுமே' ஆகாதல்லவா? அமெரிக்கச் சட்டம் இந்த ஓட்டையை 1989இலேயே அடைத்தது. வெளிப்படுத்தியது நடவடிக்கைக்கான காரணங்களில் ஒன்றாக இருந்தால் போதும். மேலதிகாரிக்கு விஷயம் தெரியும், தெரிந்த கொஞ்ச நாளில் நடவடிக்கை வந்தது என்ற இரண்டைக் காட்டினாலே ஊழியரின் வேலை முடிந்துவிடலாம். புகாரே இல்லாதிருந்தாலும் இதே நடவடிக்கையைத்தான் எடுத்திருப்போம் என்று தெளிவான, நம்பவைக்கும் சான்றோடு காட்டுவது நிர்வாகத்தின் பாடு. நம் சட்டத்தின் இரண்டாம் உட்பிரிவில் 'மட்டுமே' இல்லை. சுமையை நிர்வாகத்தின் தோளில் வைப்பதும் அந்த உட்பிரிவே. வழக்காட நேரும் ஊழியர் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதை.

இனி இச்சட்டத்தின் முடிச்சுக்கு வருகிறோம். 5ஆம் பிரிவு ஒளிந்துகொள் என்கிறது. 11ஆம் பிரிவு முறையிடு என்கிறது. 'புகார் கொடுத்ததால் என்னைத் தூக்கி அடித்தார்கள்' என்று ஒருவர் முறையிட்டால், 'புகார் கொடுத்தது இவர் என்றே எங்களுக்குத் தெரியாதே, சட்டம்தான் பெயரை மறைத்துவிட்டதே' என்று நிர்வாகம் அப்பாவியாகக் கேட்கும். தேநீர்க் கடைக்குத் தெரிந்த பெயர் பதிவேட்டில் இருக்காது. இதற்கு என்ன வழி எனின், புகார் கொடுத்த நாளிலிருந்தே தேதிக் குறிப்பு வைத்துக்கொள்வது ஒன்று: யார் எப்போது என்ன கேட்டார், எந்த மேசை எப்போது மாறியது, மதிப்பீடு எந்த ஆண்டில் சரிந்தது என்பவை. 'பழிவாங்கப்படலாம்' என்ற நிலையிலேயே முறையிடும் உரிமையைப் பயன்படுத்துவது மற்றொன்று. அடி விழும் முன்பே பதிவாகிவிட்ட அச்சம் நல்ல சாட்சி. ஆனால் அதற்குப் பெயர் வெளியே வந்தாக வேண்டும். பெயரையும் நாற்காலியையும் ஒரே நேரத்தில் காக்க இச்சட்டத்தால் முடியவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால், நாற்காலியைக் காப்பதே மேல். நாற்காலி உறுதி என்று தெரிந்தவர் பெயரைத் தானே சொல்வார்.

பிரிவுகள் 17, 22: தராசு

பொருள்: பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு வெளிப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும். இச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை, உரிய அதிகாரியோ அவர் அதிகாரம் அளித்தவரோ புகார் செய்தால் மட்டுமே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

உரை: மூன்று எண்களை அடுத்தடுத்து வையுங்கள். பெயரைக் கசியவிட்டவருக்கு 3 ஆண்டு. பொய் சொன்னவருக்கு 2 ஆண்டு. பழிவாங்கியவருக்கு? பழிவாங்குவது இச்சட்டத்தில் குற்றமே இல்லை. அதை நிறுத்து என்ற உத்தரவை மீறினால் மட்டும் 30,000 ரூபாய் வரை, அதுவும் சிறையின்றி. ஒருவரின் வாழ்க்கையைக் கலைக்க உயர் அதிகாரி கொடுக்க வேண்டிய விலை அவரது ஒரு மாதச் சம்பளத்தில் சிறு பங்கு. சட்டம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பதற்கு அதன் தண்டனைகளைவிட நேர்மையான உரை வேறில்லை.

22ஆம் பிரிவில் இன்னொரு சிக்கல். பெயர் உரிய அதிகாரியின் அலுவலகத்திலிருந்தே கசிந்தால், நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டியவரும் அதே அதிகாரி. பாதிக்கப்பட்டவர் நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது.

பிரிவு 1, உட்பிரிவு 3: தேதி

பொருள்: மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும்.

உரை: அந்தத் தேதி அறிவிக்கப்படவில்லை. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்துப் பத்தாண்டுகள் கடந்த பிறகும் இதுவரை நாம் உரை சொல்லி வந்த பிரிவுகளில் ஒன்றுகூட உயிர் பெறவில்லை. சுமையை நிர்வாகத்தின் தோளில் வைத்த 11ஆம் பிரிவும், 3 ஆண்டுச் சிறையும், ஏன், அந்த அற்ப 30,000 ரூபாயும் அச்சில் மட்டுமே இருக்கின்றன. முதல் பிரிவைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் இது. முதலிலேயே சொல்லியிருந்தால் மீதியை யார் படிப்பீர்கள்?

அற்றேல் இன்று நடைமுறையில் இருப்பது என்ன எனின், 2004ஆம் ஆண்டுத் தீர்மானமே. அதன் வழி இது: புகாரை ஒட்டிய உறையில் வைத்து, மேலே 'பொதுநல வெளிப்படுத்தல்' புகார் என்று குறித்து, மத்தியக் கண்காணிப்பு ஆணையத்தின் செயலருக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது; உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம். ஆணையம் கடிதம் எழுதிக் கேட்கும்போது, எழுதியது தான்தான் என்றும், இதே புகாரை வேறு எங்கும் கொடுக்கவில்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். ஒரே புகாரை நான்கு இடங்களுக்கு நகல் போடும் நம் பழக்கம் இங்கே ஆகாது; நகல் போட்ட அன்றே ரகசியம் போயிற்று. இந்தத் தீர்மானம் மத்திய அரசு, அதன் நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றின் ஊழியர் பற்றிய புகாருக்கு மட்டுமே. ஒரு மாநிலத் துறையின் ஊழலைச் சொல்ல வரும் தமிழ்நாட்டு எழுத்தருக்கு அதில் இடமில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குத்தான் தேதி இல்லை.

துபே தன் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்தார்; அதை அரசு காக்கவில்லை. அதற்குப் பதிலாக அரசு எழுத வேண்டியிருந்தது ஒரு தேதி. அது வந்தாலும் வேலை முடிந்துவிடாது. பழிவாங்கல் எது என்று ஒரு பட்டியல் வேண்டும், இடமாற்றம் அதில் முதலில் இருக்க வேண்டும், பழிவாங்குவது குற்றமாக வேண்டும். பெயரோடு புகார் கொடுத்த ஊழியர் மறுநாள் காலை அலுவலகம் வருகிறார் என்றால், அவருடைய நாற்காலி அதே இடத்தில் இருக்க வேண்டும். சட்டத்தை அளக்க அந்தக் காலைப்பொழுது போதும்.